பகல் வெயிலை இரவுக்குச் சேமிப்போம்: கொப்பரை காயவைக்க ஒரு சிக்கன வழி



பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வட்டாரங்களில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தென்னந்தோப்புதான் பிடிமானம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் அந்தப் பிடிமானத்தை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு நட்ட கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வந்துகொண்டிருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் காத்திருந்து கிடைக்கும் காயை, விலை இறங்கிய நேரத்தில் பச்சைக்காயாகவே தள்ளிவிடும் நிலை பலருக்கு இருக்கிறது. கொப்பரையாகக் காயவைத்தால் சில வாரங்கள் வைத்திருந்து விற்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சரியாகக் காயாத கொப்பரை, பச்சைக்காயை விடப் பெரிய நஷ்டம். அதனால்தான் பலர் தயங்குகிறார்கள்.

கொப்பரை காயாமல் போவதற்குப் பெரும்பாலும் வெயில் பற்றாக்குறை காரணமல்ல. இரவுதான் காரணம். பகலில் கிடைக்கும் சூட்டில் ஒரு பகுதியைக் கல்லிலோ தண்ணீரிலோ பிடித்து வைத்து இரவில் பயன்படுத்தினால், விறகும் மின்சாரமும் இல்லாமலே இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கலாம். அதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

ஈரம் என்ன செய்கிறது?

உடைத்த தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அது 6 சதவீதத்துக்கு இறங்கினால்தான் நல்ல கொப்பரை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஆதரவு விலைக்கு அரவைக் கொப்பரை எடுக்கும்போதும் ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே விதி. பூஞ்சை பிடித்த கொப்பரைக்கும் தனி வரம்பு உண்டு.

இது விலை மட்டும் சார்ந்த விஷயமல்ல. ஈரம் தங்கிய கொப்பரையில் மஞ்சள் பச்சை நிறத்தில் ஒரு பூஞ்சை வளரும். அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வகைப்படுத்தியுள்ளது. செக்கில் ஆட்டும்போது இந்த நஞ்சு எண்ணெயிலும் வரும், மாட்டுக்குப் போடும் புண்ணாக்கிலும் தங்கும். புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அதன் சாயல் வெளிப்படும். அந்தப் பால் நம் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் பால்தான்.

பூஞ்சையைத் தடுக்கச் சிலர் கந்தகப் புகை போடுகிறார்கள். அது நிறத்தை வெளுப்பாக்கும், ஆனால் உண்ணும் பொருளில் கந்தகம் படியும். முறையாகக் காய்ந்த கொப்பரைக்கு அது தேவையே இல்லை.

இரவில் நடப்பது என்ன?

களத்தில் விரித்த பருப்பு பகல் முழுவதும் ஈரத்தை விடுகிறது. மக்ரிப் ஆனதும் காற்று குளிர்கிறது. கடற்கரை ஊர்களில் இரவுக் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் வரை போகும். அப்படிப்பட்ட காற்று ஏற்கெனவே தண்ணீர் குடித்து வயிறு நிறைந்த காற்று. பருப்பிலிருந்து அதனால் ஈரத்தை வாங்க முடியாது. பாதி காய்ந்த பருப்பாக இருந்தால், காற்றிலிருந்து பருப்புக்கே ஈரம் திரும்பும். சுபுஹு நேரத்தில் தொட்டுப் பார்த்தால் மேல்புறம் பிசுபிசுப்பது இதனால்தான். பூஞ்சை வேர் பிடிப்பதும் இந்த நேரத்தில்தான்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 27 டிகிரியில் 90 சதவீதம் ஈரப்பதம் உள்ள இரவுக் காற்றை 5 டிகிரி மட்டும் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். 10 டிகிரி சூடாக்கி 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 50 சதவீதமாகும். காற்றில் உள்ள தண்ணீர் குறையவில்லை. சூடான காற்றுக்கு இன்னும் வாங்கிக்கொள்ளும் இடம் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆக, இரவில் நமக்குப் பெரிய நெருப்பு தேவையில்லை. 5 முதல் 10 டிகிரி வெதுவெதுப்பு போதும்.

சூடு குறைவில்லை, நேரம்தான் குறைவு

12 அடிக்கு 10 அடி அளவில், மேலே ஒளி புகும் தகடு போட்ட ஒரு சிறு சூரிய உலர்த்தியை எடுத்துக்கொள்வோம். 80 சதுர அடியில் தட்டுகள் வைத்தால் 250 காய், அதாவது 500 மூடி, ஒரே அடுக்காகப் பரப்பலாம்.

250 காயிலிருந்து போக வேண்டிய தண்ணீர் சுமார் 33 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, மின்சாரக் கணக்கில் சொன்னால், ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு சூடு வேண்டும். ஆக 33 கிலோவுக்கு ஏறக்குறைய 22 யூனிட்.

நம் பகுதியில் தெளிவான ஒரு நாளில் 11 சதுர அடி இடத்தில் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. 120 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 55 யூனிட். 3 நாளில் 165 யூனிட். தேவையோ 22 யூனிட் மட்டுமே.

அப்படியிருந்தும் ஏன் ஒரு நாளில் காய்வதில்லை? பருப்பின் உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாகத்தான் மேற்புறத்துக்கு வரும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேல்புறம் இறுகிப்போய் உள்ஈரம் உள்ளேயே அடைபடும். நிறமும் கருகும். உலர்த்தியின் சூடு 60 டிகிரிக்கு மேல் போகாமல் பார்ப்பது நல்லது. ஆகவே கொப்பரைக்கு வேண்டியது அதிகச் சூடு அல்ல, அதிக மணி நேரம். பகலில் மீந்து வீணாகும் சூட்டை இரவு மணிகளுக்கு மாற்றுவதே சூட்டைச் சேமிப்பதன் நோக்கம்.

எதில் சேமிக்கலாம்?

கருங்கல் ஜல்லி: ஒரு டன் ஜல்லி 20 டிகிரி சூடேறி, பிறகு 20 டிகிரி இறங்கும்போது ஏறக்குறைய நாலரை யூனிட் சூட்டைத் திருப்பித் தரும். கணக்குப்படி அது 7 கிலோ தண்ணீரை ஆவியாக்கும். தகடு வழியாகவும் தரை வழியாகவும் போகும் நஷ்டத்தைக் கழித்தால் பாதி கிடைத்தால் பெரிது. ஆனால் 33 கிலோவில் 3 கிலோ ஒரே இரவில் செலவில்லாமல் போவதும், ஈரம் திரும்ப ஏறாமல் இருப்பதும் சிறிய லாபமல்ல.

தண்ணீர்: எடைக்கு எடை கல்லை விட 5 மடங்கு சூட்டைத் தண்ணீர் பிடித்து வைக்கும். ஒரு டன் ஜல்லி செய்யும் வேலையை 200 லிட்டர் தண்ணீர் செய்யும். 20 லிட்டர் கேன் பத்து இருந்தால் போதும். கேனுக்குக் கருப்பு வர்ணம் பூசி, தண்ணீர் விரிவதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, மூடியை இறுக்கமாக மூட வேண்டும். கசிந்தால் உலர்த்திக்குள் ஈரம் கூடி எல்லாம் தலைகீழாகிவிடும். சமையல் எண்ணெய் வந்த கேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து வந்த கேன்களை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

செங்கல், மணல்: எடைக்கு எடை கல்லின் அளவே சூடு பிடிக்கும். மணலின் ஊடே காற்று நுழையாது என்பதால் கிடைத்த இடத்தில் செங்கல்லையே பயன்படுத்துவது மேல்.

மெழுகு: 50 முதல் 60 டிகிரிக்குள் உருகும் பாரஃபின் மெழுகு, உருகும்போது நிறையச் சூட்டை வாங்கி, உறையும்போது திருப்பித் தரும். ஒரு டன் கல்லின் வேலையை 80, 90 கிலோ மெழுகே செய்துவிடும். ஆய்வுக்கூடங்களில் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் விலை கூடுதல், கசியாத தகரக் குழாய்களில் அடைக்க வேண்டும், தீப்பற்றும். சிறு தோப்புக்காரருக்கு ஜல்லியும் தண்ணீருமே போதும்.

எப்படி அமைப்பது?

1. உலர்த்தியின் தெற்குப் பக்கம், காற்று உள்ளே நுழையும் இடத்தில், 40 சதுர அடியைக் கல்லுக்கு ஒதுக்குங்கள். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கமே வெயில் நன்றாக விழும். தட்டுகளுக்கு அடியில் கல்லைப் போட்டால் தட்டின் நிழலே கல்லை மறைத்துவிடும்.

2. தரையிலிருந்து சூடு மண்ணுக்குள் இறங்காமல் தடுக்க வேண்டும். காய்ந்த உமியை உரச்சாக்கில் அடைத்துப் பரப்பி, மேலே தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, அதன்மேல் செங்கல் ஒரு வரிசை அடுக்குங்கள். உமி நனைந்தால் பயனில்லை. எனவே தரை மட்டத்தை அரை அடி உயர்த்திக்கொள்வது நல்லது.

3. அதன்மேல் ஒன்றரை அங்குல ஜல்லியை அரை அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்துக்குப் பரப்பினால் ஏறக்குறைய 22 கன அடி, ஒரு டன் வரும். ஜல்லியை முதலில் கழுவித் தூசு போக்கி நன்றாகக் காயவையுங்கள். பொடி ஜல்லி வேண்டாம். கற்களுக்கிடையே காற்றுப் போக வழி இருக்க வேண்டும். மேல் அடுக்குக்கு மட்டும் கருப்பு வர்ணம் பூசி, வாடை போகும்வரை ஒரு வாரம் வெயிலில் விட்டுப் பிறகு பருப்பை ஏற்றுங்கள்.

4. காற்று கல்லைக் கடந்து, தட்டுகளுக்கு அடியில் போய், பருப்பின் ஊடே ஏறி, வடக்குப் பக்கம் உயரத்தில் வைத்த புகைபோக்கி போன்ற குழாய் வழியே வெளியேற வேண்டும். தட்டுகள் வலையாக இருக்கட்டும். பருப்பு எந்த இடத்திலும் கல்லைத் தொடக் கூடாது.

தினமும் செய்ய வேண்டியது

காயை உடைத்த சில மணி நேரத்துக்குள் உலர்த்தியில் ஏற்றிவிட வேண்டும். காலையில் உடைப்பதே நல்லது. முதல் நாள் பருப்பிலிருந்து ஏராளமான ஈரம் வெளியேறும். அன்று காற்று வழிகள் எல்லாம் முழுதாகத் திறந்திருக்கட்டும். கல் அன்று அவ்வளவாகச் சூடேறாது. இரண்டாம் நாளிலிருந்து பருப்பு வாங்கும் சூடு குறையும். மிச்சச் சூட்டைக் கல் வாங்கிக்கொள்ளும். நண்பகலில் உள்ளே சூடு எல்லை மீறாமல் தாங்குவதும் அதே கல்தான்.

அஸருக்குப் பிறகு காற்று வழிகளைப் பாதியாகக் குறையுங்கள். மக்ரிப் நேரத்தில் கால் பங்கு மட்டும் திறந்து வைத்து, தகட்டின் மேல் தார்ப்பாயோ பின்னிய கீற்றோ போட்டு மூடுங்கள். இந்தப் போர்வை இல்லாவிட்டால் கல் பிடித்து வைத்த சூடு பெரும்பாலும் தகடு வழியாக வானத்துக்குப் போய்விடும். அதற்காகக் காற்று வழியை அறவே அடைத்துவிடவும் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் தகட்டின் உள்புறம் வேர்த்து, பருப்பின் மேலேயே சொட்டும். காலையில் வெயில் ஏறியதும் போர்வையை எடுத்துவிடுங்கள்.

திறந்த களத்தில் 7 நாள் அளவுக்கு ஆகும் கொப்பரை, மூடிய சூரிய உலர்த்தியில் நல்ல வெயில் காலத்தில் 3, 4 நாளில் தயாராகும். தூசு, காகம், எலி, திடீர் மழை ஆகியவற்றிலிருந்தும் தப்பும்.

வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு சமையலறைத் தராசு போதும். 10 மூடிகளுக்கு அடையாளமிட்டு, மக்ரிப் நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். சுபுஹுக்குப் பிறகு அதே மூடிகளை மறுபடி எடை போடுங்கள். எடை கூடியிருந்தால் இரவில் ஈரம் ஏறியிருக்கிறது. போர்வையையும் காற்று வழியையும் சரிபாருங்கள். எடை குறைந்திருந்தால் கல் வேலை செய்கிறது. இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மூட்டை கட்டும் முன் விற்பனைக் கூடத்தில் ஈரமானி கொண்டு ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம்.

மழைக்காலத்துக்கு என்ன வழி?

ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் வெயிலே இல்லையென்றால் கல்லுக்குள் சேமிக்க ஒன்றுமில்லை. சேமிப்பு என்பது வந்த சூட்டை வைத்திருப்பது மட்டுமே; அது சூட்டை உண்டாக்காது. அந்த நாட்களில் நெருப்புத்தான் கைகொடுக்கும். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கொட்டாங்குச்சியை எரித்துக் கொப்பரை காயவைக்கும் உலர்த்தியை உருவாக்கியுள்ளது. அதில் புகை பருப்பில் படாது. நேரடிப் புகையில் காய்ந்த கொப்பரை கறுப்பதுடன் புகையின் கெட்ட பொருட்களும் எண்ணெயில் கலக்கும்.

நெருப்பிலும் சேமிப்பு உண்டு. மெல்லிய தகர அடுப்பில் எரித்தால் நெருப்பு அணைந்ததும் சூடும் போய்விடும். இரவெல்லாம் ஒருவர் விழித்து எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பைச் சுற்றிலும் புகைக்குழாய் செல்லும் வழியிலும் செங்கல் சுவர் கட்டினால், குழாய் வழியே வெளியேற இருந்த சூட்டில் ஒரு பகுதியைச் செங்கல் பிடித்துக்கொள்ளும். மக்ரிபிலிருந்து சில மணி நேரம் எரித்துவிட்டு நிறுத்தினாலும் விடியும்வரை வெதுவெதுப்பு இருக்கும். மிச்சப்படும் கொட்டாங்குச்சி கரி தயாரிப்பவர்களிடம் காசாகும்.

ஓர் எச்சரிக்கை. தணல் கனன்றுகொண்டிருக்கும்போது புகைக்குழாயை அடைக்கவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு சேர்ந்து உயிரைப் பறித்துவிடும். உலர்த்திக் கொட்டகைக்குள் யாரும், முக்கியமாகப் பிள்ளைகள், படுத்துத் தூங்க அனுமதிக்காதீர்கள்.

மிளகாய்க்கும் பொருந்துமா?

பொருந்தும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயை இன்றும் பலர் வெட்ட வெளியில்தான் காயவைக்கிறார்கள். இரவுப் பனி விழுந்தால் நிறம் மங்கும், பூஞ்சை ஏறும். மிளகாயில் ஈரம் 10 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கும் 60 டிகிரியைத் தாண்டாத இதமான சூடும், இரவில் ஈரம் ஏறாத பாதுகாப்பும்தான் தேவை. அதே உலர்த்தியில் வெவ்வேறு மாதத்தில் மிளகாயையும் கொப்பரையையும் போடலாம். ஒரே நேரத்தில் போட்டால் கொப்பரையில் காரநெடி ஏறிவிடும்.

யார் தொடங்கலாம்?

வீட்டு எண்ணெய்க்கு மட்டும் 50 காய் காயவைப்பவருக்கு இந்த ஏற்பாடு வேண்டாம். வலைத்தட்டும் இரவுப் போர்வையுமே போதும். மாதம் சில நூறு காய் எடுப்பவர்கள், முதலில் மூடிய உலர்த்தி, அடுத்து இரவுப் போர்வை, மூன்றாவதாகக் கல் அல்லது தண்ணீர் என்ற வரிசையில் செய்யுங்கள். முதல் இரண்டும் இல்லாமல் கல்லை மட்டும் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் உலர்த்தி வைத்தால் செலவு பகிரப்படும். முறை வைத்துப் பயன்படுத்தலாம். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் தோப்பைக் கவனிக்கும் பெண்களுக்கும் இது எளிது. பகலில் தட்டைப் பரப்பி, மாலையில் போர்வை போட்டுவிட்டால் இரவில் எழுந்து நெருப்பைக் கவனிக்கும் வேலை இல்லை.

சூரிய உலர்த்தி அமைக்க வேளாண் பொறியியல் துறை மானியம் வழங்குகிறது. வீதமும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே கட்டத் தொடங்கும் முன்பே உங்கள் உபகோட்டத்தின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். உழவன் செயலியிலும் விவரம் பார்க்கலாம். சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அனுமதி வரும் முன் கட்டிவிட்டால் மானியம் கிடைக்காமல் போகலாம்.

வரும் மாசி, பங்குனி வெயிலில் 250 காயைக் கொண்டு தொடங்கிப் பாருங்கள். கேன் பத்தும் ஒரு தார்ப்பாயும் இருந்தாலே முதல் முயற்சிக்குப் போதும். இரவு எடையையும் காலை எடையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பயன் தெரிந்த பிறகு ஜல்லிக்குச் செலவு செய்யலாம்.